யசோதாவின் வேலை நின்ற ஏழு நிமிடம்

சர்வரில் யசோதாவின் வேலை ஓட ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது, அவிநாசியப்பனுடையது ஆறுதான் என்று திரை சொன்னது. அவன் திரையை அழித்துவிட்டு மறுபடி அதே கட்டளையைத் தட்டினான், இரண்டாம் தடவை கேட்டால் கம்ப்யூட்டர் மனம் மாறி வேறு கணக்குச் சொல்லிவிடும் என்பதுபோல. சொல்லவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஆறு. முன்வரிசையில் அவள் முதுகு தெரிந்தது. கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது வந்த பழக்கம், எத்தனை தடவை சொன்னாலும் போகாது. அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. கட்டின பெண்டாட்டியின் கொண்டையில் இருக்கும் ஒரு பேனாவின் மேல் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கோபம் வருமா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? யாரும் கேட்கவில்லை. பேக்கரி மாடியில் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பத்துப் பேர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள், கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்தது, அவரவருக்கு அவரவர் திரை. ஐந்து கேள்வி. நாலு கேள்வியை அவனும் முடித்துவிட்டான், அவளும் முடித்துவிட்டாள். ஐந்தாவது, ஒரு பெரிய கோப்புக் கிடங்கையே சுருக்கிக் கட்டி இன்னோர் இடத்தில் பத்திரப்படுத்தும் பேக்கப் வேலை. கட்டளையைத் தட்டிவிட்டால் அதுபாட்டுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். முடிந்ததும் என்டர் தட்டினால் பாடம் எடுக்கும் இருதயராஜ் சார் மேஜைத் திரையில் பேர் விழும். முதலில் விழும் பேரைத்தான் அவர் எழுதிக் கொடுப்பார். தாராபுரம் ரோட்டில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருக்கிறார்கள், ஒரே ஓர் ஆள். மற்ற எட்டுப் பேரும் மூன்றாவது கேள்வியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக அந்த வேலை அவிநாசியப்பன் வீட்டுக்குத்தான் வரப்போகிறது, அதில் சந்தேகமே இல்லை. வீட்டில் யாருக்கு என்பதுதான் கேள்வி.

யாருக்கு வந்தால் என்ன, ஒரே வீடுதானே. நேற்றுக்கூட அவன் அப்படித்தான் சொன்னான், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, ரொம்பத் தாராளமாக. “உனக்குக் கெடைச்சா என்ன எனக்குக் கெடைச்சா என்ன புள்ள, ரெண்டும் ஒண்ணுதான.” அவள், “ஆமாங் மாமா” என்றாள். அந்த ‘ஆமாங்’ கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதோ? யோசிக்காமல் வந்ததோ, இல்லை ஏற்கெனவே யோசித்து முடித்து வைத்திருந்ததோ? இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அந்த ‘ஆமாங்’ காதில் விழுந்துகொண்டே இருந்தது, பரீட்சையில்கூட. பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். பலகையில் பேருக்குக் கீழே ‘சிஸ்டம் இன்ஜினியர்’ என்று எழுதியிருந்தது. பெட்டியைத் திறந்து, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதி மிஷின் உயிர் பிழைத்துவிடும். மீதிப் பாதிக்கு ஃபார்மட். அவன் கை பட்டால் ஓடும் என்று கடைத்தெருவில் பேரே உண்டு. அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள், இனிமேல் சர்வர் படித்தவனுக்குத்தான் காலம் என்று யாரோ சொல்ல இங்கே வந்து சேர்ந்தான். தனியாக வரக் கூச்சம். நாற்பது வயதில் காலேஜ் முடித்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவதா? “சும்மா தொணைக்கு வா, உனக்கும் நாலு விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்” என்று அவளையும் கூட்டிக்கொண்டு வந்தது அவன்தான். அவன் வாயால்தான் கூப்பிட்டான். அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கும்.

முதல் நாள் சார் கேட்டார், ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? அவன் கையைத் தூக்கி, “விண்டோஸ் சார்” என்றான். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு என்ன இருக்கிறது, பதினைந்து வருஷமாக ஆயிரம் மிஷினில் அவன் ஏற்றியது அதைத்தானே? சாரும் சிரித்துவிட்டு, அது ஒரு பேரு அவிநாசி, அது என்ன வேலை செய்யுதுன்னு கேட்டேன் என்றார். அப்போது இவள் கையைக்கூடத் தூக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தபடியே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவள்போலச் சொன்னாள்: “இருக்கற மிஷினு கொஞ்சமுங், ஆகவேண்டிய பீஸு நெறையா. யாருக்கு எந்த மிஷினு, எத்தன நேரம், யாரக் கொஞ்சம் பொறுக்கச் சொல்றதுன்னு பாத்துக்கறவங்களாட்டமுங்களா சார்?” சார் போர்டில் எழுதப்போன கையை அப்படியே நிறுத்தினார். இருபது வருஷமா இதச் சொல்லிக் குடுக்கறேன், இதவிட நல்லா நானே சொன்னதில்ல என்றார். அந்தச் சாருக்கு அந்த வார்த்தை வாயில் வராமல் போயிருக்கக் கூடாதா? அன்றைக்கு ஆரம்பித்தது. வயிற்றில் ஒரு சின்ன எரிச்சல், காலையில் பழைய சோறு சாப்பிடாததால் என்று முதல் வாரம் நினைத்தான். பிறகு பேக்கரி டீயால் என்று நினைத்தான். மூன்றாம் வாரம் அது டீ இல்லை என்று தெரிந்துபோயிற்று. வேறு மாதிரிப் பொறாமையாக இருந்திருந்தால்கூடத் தேவலை. சார் இளவயதுக்காரராக இருந்து, இவள் பல்லைக் காட்டிப் பேசியிருந்தால், சண்டை போட்டிருக்கலாம், மச்சானைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கலாம், ஊரில் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. சாருக்கு அறுபத்திரண்டு வயது, காதில் மெஷின். பெண்டாட்டி தன்னைவிட நன்றாகப் படிக்கிறாள் என்று ஒருத்தன் யாரிடம் போய்ச் சொல்வான்?

டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினான். அது ஒரு கட்டளை. பத்துப் பேரும் ஒரே சர்வருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால், யார் உள்ளே இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகக் கை அசையாமல் இருக்கிறார்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவன் கற்ற மற்றதெல்லாம் கொஞ்சம் மங்கித்தான் போயிற்று. வகுப்பில் பாதி நேரம் இதைத் தட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். முன்னால் அவள் முதுகு தெரிகிறது, இங்கே அவள் விரல் தெரிகிறது. அனுமதிகளைப் பற்றிய பாடத்தில் அவன் ஒரு வரியைத் தட்டி முடிப்பதற்குள் அவள் மூன்றாவது பயிற்சியில் இருந்தாள். வீட்டில் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு உதடு அசைய என்னமோ முணுமுணுப்பாள், சாமி பாட்டு என்று நினைத்தால் அது கட்டளை. பாடப் புத்தகத்தில் அங்கங்கே சின்னச் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள், செக்கிங்கில் துணியில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஒட்டுவார்களே அதேதான், கம்பெனியிலிருந்து மிச்சமான ஒரு கட்டு வீட்டில் கிடந்தது. தெரியாத இடத்துக்கு ஒட்டுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். ஒரு நாள் மெமரி பாடத்தைப் புரட்டினால், முந்தின வாரம் அவன் அவளுக்கு விளக்கிச் சொன்ன இடத்தில் ஓர் அம்பு. படித்துப் பார்த்தான். அவன் சொன்னது தப்பு. அவள் அன்றைக்கு அப்படியாங் மாமா என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்புறமாக வந்து ஒட்டியிருக்கிறாள். அதைப் பிய்த்து எறிந்தான். மறுநாள் பார்த்தால் புதிதாக ஒன்று ஒட்டவும் இல்லை, ஏன் பிய்த்தீர்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கத்தியிருக்கலாம். மகள் நிவேதா வேறு. போன மாதம் அவள் கம்ப்யூட்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, “என்ன கண்ணு, குடு பாக்கலாம்” என்று கையை நீட்டினான். “இல்லப்பா, அம்மாகிட்டக் கேட்டுக்கறேன்” என்று போய்விட்டாள். குழந்தை, ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேன் ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றது.

அவளுக்குப் பதிமூன்று நிமிடம், அவனுக்கு ஏழு. அவனிடம் ஒரு சாவி இருந்தது. அவளிடம் இல்லாதது அது ஒன்றுதான். போன புதன்கிழமை சர்வரில் ஒரு டிஸ்க் கெட்டுப்போய், சார் அவனைத்தான் கூப்பிட்டார், ஸ்க்ரூடிரைவர் வேலை என்றால் அவிநாசிதான். மாற்றி முடித்துச் சரிபார்ப்பதற்காக அட்மின் அதிகாரத்தை அவன் கணக்கில் ஏற்றிக் கொடுத்தார். “அப்பறம் எடுத்துடறேன், ஞாபகப்படுத்துப்பா” என்றார். அவர் எடுக்கவில்லை. அவன் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகம் இருந்தது. இப்போது இந்த அறையில் ஓடும் எந்த வேலையையும் அவனால் நிறுத்த முடியும். அடியோடு கொல்ல வேண்டியதில்லை, அது பாவம். சும்மா நிறுத்தி வைக்கலாம், உயிர் இருக்கும், ஓட்டம் இருக்காது. மறுபடி ஒரு வரி தட்டினால் விட்ட இடத்திலிருந்து போகும். கொஞ்ச நேரந்தான். அவளுடையது நின்றால் சர்வர் முழுக்க அவனுக்கு. ஆறு நிமிட வித்தியாசம், அவ்வளவுதான், அவள் மட்டும் முதலில் தட்டியதற்கு வேறென்ன காரணம், நாலாவது கேள்வியில் அவனுக்கு ஓர் எழுத்து மாறிப்போய் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று, ஓர் எழுத்துக்காக ஒரு மனுஷனின் பதினைந்து வருஷமா? அவளுக்கு வேலை கிடைத்தால் காலையில் அவள் பஸ் ஏறுவாள், அவன் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவான், எதிர்க் கடைக்காரர் கேட்பார், என்னங் அவிநாசி, ஊட்டுக்காரம்மா சர்வர் ரூம்ல இருக்கறாங்ளாமா? அந்த ‘ளாமா’வை எப்படி இழுப்பார் என்பதுகூட அவனுக்குத் தெரியும். கடைப் பலகையை என்ன செய்வது? விரல் தானாகப் போயிற்று என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். தானாகப் போகவில்லை. அவள் வேலையின் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து, நாலாயிரத்து நூற்று இருபத்தேழு, ஓர் எழுத்தும் மாறாமல் தட்டினான். இந்தப் படிப்பில் அவன் இவ்வளவு கவனமாக எதையும் தட்டியதில்லை. மணி பத்து ஐம்பத்தொன்று.

அவள் வேலைக்கு நேரே இருந்த எழுத்து ‘டி’ ஆக மாறியது. நிற்கிறது. முதுகு அசையவில்லை. அவனுடைய வேலை சட்டென்று இரட்டை வேகம் பிடித்தது, நெரிசலில் மாட்டியிருந்த வண்டிக்கு வழி விட்டதுபோல. சந்தோஷமாக இருந்ததா? இருந்தது, பொய் சொல்லக் கூடாது, நெஞ்சு ஜில்லென்று ஆயிற்று. ஒரு நிமிடம் முழுசாக அப்படி இருந்தது. பிறகு, அவள் எப்போது கவனிப்பாள் என்ற பயம். கவனித்தால் என்ன, சர்வர் பழசு, அடிக்கடி மக்கர் பண்ணும், அப்படித்தான் நினைப்பாள். இரண்டு நிமிடம். கீழே பேக்கரியில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள். அவள் கொண்டையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூன்று நிமிடம். அவள் விரல்கள் ஓடின, தோள் அசைவதிலிருந்து தெரிந்தது. கல்யாணமான புதிதில் இந்தத் தோளைப் பார்த்து என்ன நினைத்தான் என்று யோசித்தான், ஞாபகம் வரவில்லை, ஒரு சிவப்பு ஜாக்கெட் துணிதான் ஞாபகம் வந்தது. விட்டுவிடலாமா? ஒரு வரி. இப்போதே விட்டுவிட்டால் மூன்று நிமிடந்தான் கெட்டது, இன்னும் அவள்தான் முன்னால். அதனால்தான் விடவில்லை. இன்னும் மூன்று போகட்டும், சமமாகட்டும், சமமானதும் விட்டுவிடுவோம், அதற்குமேல் அவரவர் அதிர்ஷ்டம் என்று ஒரு நியாயத்தைக் கட்டினான். கட்டும்போதே அது நியாயம் இல்லை என்று தெரிந்தது. தெரிந்தும் கட்டினான். டபிள்யூ தட்டினான்.

அவள் பேருக்கு நேரே, அவள் என்ன செய்கிறாள் என்ற இடத்தில் ஒரு கோப்பின் பேர் இருந்தது. அதைப் படித்ததும் அவனுக்குக் காதுக்குள் ஊதியதுபோல ஆயிற்று. சர்வர் தன்னிடம் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பு அது. அட்மின் அதிகாரத்தை யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் பேர், மணி, தட்டிய கட்டளை, ஒன்றுவிடாமல் ஒரு வரி விழுந்துவிடும். படித்துப் பழகட்டும் என்று சார் எல்லாருக்கும் திறந்துவைத்திருந்தார். ஆறாம் பாடம். அன்றைக்கு அவன் அவளை வேவு பார்த்துக்கொண்டிருந்தான், பாடத்தைக் கேட்கவில்லை. இப்போது அவள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரியில் அவன் பேர் இருக்கும். பத்து ஐம்பத்தொன்று என்று இருக்கும். நாலாயிரத்து நூற்று இருபத்தேழு என்று இருக்கும். மறுபடி தட்டினான், இன்னும் அங்கேதான் இருந்தாள். மறுபடி. அங்கேயேதான். ஒரே ஒரு வரியைப் படிக்க ஒருத்திக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவ்வளவு வேகமாகப் படிக்கிறவள். அவள் திரும்புவாள் என்று நினைத்தான், திரும்பினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, சிரிப்பதா, என்ன புள்ள என்று கேட்பதா, குனிந்து எதையாவது தேடுவதா? செருப்பு வாரைப் பார்த்துக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவள் கோப்பை மூடியிருந்தாள். ஒன்றும் தட்டவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறுத்தப்பட்ட வேலை அவளுடையது, அவளே ஒரு வரியில் ஓட விட்டுவிடலாம், அதற்கு எந்தச் சாவியும் வேண்டாம், அவளுக்கு அது தெரியாமல் இருக்காது. ஏன் விடவில்லை? சாரிடம் சொல்லப்போகிறாள். சொல்லட்டும். சொல்லாதே. பத்துப் பேருக்கு முன்னால், பின்னால் சிரித்த அந்த இரண்டு பேருக்கு முன்னால். யசோதா, சொல்லாதே சாமி.

“யசோதாம்மா,” இருதயராஜ் சார் தன் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “உங்க பேக்கப் நிக்குதே, ஆறேழு நிமிஷமா. ஸ்டாப்னு காட்டுதே. என்ன ஆச்சு?”

அவிநாசியப்பனின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. அவன் வேலையில் இன்னும் கொஞ்சந்தான் பாக்கி.

“நாந்தானுங் சார் நிறுத்தி வச்சேன்” என்றாள் யசோதா. செக்கிங் மேஜையில் நின்று கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “ரெண்டு பேக்கப்பு ஒண்ணா ஓடவும் பின்னால இருக்கறவங்களுக்கெல்லாம் ஒண்ணொண்ணும் இழுத்துட்டு நின்னுச்சுங். என்னுது நாலு கேள்வியும் முடிஞ்சதுதானுங். இது கொஞ்சம் பொறுத்து ஓடுனா என்னங் சார். இப்ப விட்டர்றனுங்.” ஒரு வரி தட்டினாள். ‘டி’ மறைந்தது, வேலை விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். காது மெஷினைச் சரிசெய்துகொண்டார், சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்க்கிறவர்போல. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “கேட்டுக்கங்கப்பா எல்லாரும். எட்டு வாரமா நான் சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான். கட்டளைய யாரு வேணா மனப்பாடம் பண்ணலாம். சர்வர் ரூம்ல உக்காந்துட்டு, தன் வேலைய நிறுத்தி மத்தவன் வேலைய நடக்கவிடத் தெரியணும். அதான் அட்மினு.” மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்தார். “முதல்ல முடிக்கறவங்க பேர எழுதறேன்னு சொன்னேன். அது உங்கள ஓட வைக்கச் சொன்னது. இவங்க பேர எழுதிட்டேன்.” பின்னால் இரண்டு பேர் கை தட்டினார்கள். சிரித்தவர்கள்தான்.

எழுந்து சொல்லிவிடலாம் என்று அவிநாசியப்பனுக்குத் தோன்றியது. சார், அவள் நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இல்லை, அவமானம் தாங்காமலும் இல்லை. நிறுத்தியது நான், எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து ஓர் எழுத்து மாறாமல் நிறுத்தியது நான், அந்தக் கைதட்டல் என் கட்டளைக்கு விழ வேண்டியது என்று கத்த வேண்டும்போல இருந்தது. தன் மனசு போகிற போக்கைப் பார்த்து அவனுக்கே திகைப்பாயிற்று. செய்த அயோக்கியத்தனத்திலும் அவள் பேர் வாங்கிவிட்டாளே என்று ஒருத்தன் பொறாமைப்பட முடியுமா? பட்டான். அந்தப் பொய் அவள் வாயில் எத்தனை சுளுவாக வந்தது, அதுகூடத் தனக்கு வந்திருக்காதே என்று அதற்கும் பட்டான். காட்டிக்கொடுத்திருந்தால் அவளைக் கெட்டவளாக்கி வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டாள். வாயைத் திறந்தால் அவள் வேலை போகும், அவன் மானமும் போகும். திறக்காவிட்டால் நாளைக்குக் காலையில் அவள் பஸ் ஏறுவாள். கண்ணைக் கரித்தது. இது அழுகையாக இருந்துவிடக் கூடாது என்று பயந்து திரையைப் பார்த்தான், எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, ஓட்டம் நின்றிருந்தது, எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

முன்வரிசையிலிருந்து அவள் திரும்பினாள். அன்று காலையில் முதல் தடவையாக நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தேவலை என்று தேடினான், களைப்புத்தான் இருந்தது, ஷிப்டு முடிந்து வரும்போது இருக்குமே அது.

“உங்களது முடிஞ்சுருச்சுங் மாமா” என்றாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். “என்டர் தட்டுங்.”

தட்டினான். சார் மேஜையில் மணி அடித்தது, முதல் பேர் அவிநாசியப்பன் என்று விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.